நர்சம்மா கல்யாணத்துக்கு ஒரு பாட்டு

சுரங்கத்து ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்கும் இன்ஜின் துரைக்கும் கல்யாணம் என்ற செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பெண் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்கு மேல் வாய்ப்பாடு நகரவில்லை. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் ஏறக்குறைய ஓட்டமாகவே சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைனுக்குத் திரும்பினேன்.

கோலார் தங்கவயலில் அப்போது வெள்ளைக்காரர்கள் என்றால் பெரும்பாலும் கார்ன்வால் சீமைக்காரர்கள்தான். ஸ்காட்லாந்துக்காரர்களை ஒரு கை விரல்விட்டு எண்ணிவிடலாம். நர்சம்மாவும் துரையும் ஸ்காட்லாந்துக்காரர்கள். நர்சம்மா கடற்கரையில் மீன் உப்பிடுகிறவர்களின் வீட்டுப் பெண். வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. தமிழை அவள் நோயாளிகளிடமிருந்துதான் கற்றுக்கொண்டாள். அதனால் வட ஆற்காட்டுத் தமிழ் அப்படியே வரும். மரியாதைச் சொல் மட்டும் வராது. பெரிய டாக்டரையே ஒரு நாள், "நீ இன்னா, இன்னும் கை கழுவலியா?" என்று கேட்டுவிட்டாள். அவருக்குத் தமிழ் தெரியாததால் பிழைத்தாள்.

இன்ஜின் துரை, ஷாப்டு என்கிற சுரங்கக் குழியில் ஆட்கள் நிற்கிற இரும்புக் கூண்டை, கேஜை, இறக்கி ஏற்றுகிற நீராவி இன்ஜினை ஓட்டுகிறவர். ஷிப்டுக்கு ஷிப்டு பூமிக்குள் போகிற அத்தனை பேரும் அவர் கையை நம்பித்தான் போனார்கள். என் வீட்டுக்காரரும் அவர்களில் ஒருவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்ஜின் கொட்டகையில் ஒரு சங்கிலி அறுந்து துரையின் இடது முழங்காலில் விழுந்தது. மாதக் கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். எழுந்து நடந்தபோது கையில் ஒரு தடியும் மனசில் நர்சம்மாவும் இருந்தார்கள் என்று லைனில் எல்லோரும் சொல்வார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் ஆராதனை முடிந்து நான் ஆர்மோனியப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். ஞாயிறுதோறும் அதை வாசிக்கிறவள் நான்தான். நர்சம்மா நேராக என்னிடம் வந்தாள். வெள்ளைக்காரர்களுக்கு ஆராதனை தனி. அதை முடித்துக்கொண்டு எங்களுடையது முடியும்வரை வெளியே வெயிலில் நின்றிருக்கிறாள். முகம் இரத்தமாய்ச் சிவந்திருந்தது.

"உன் வீட்டுக்காரன் பிடில் வாசிப்பானாமே?" என்றாள்.

"வாசிப்பாருங்க. கோயில் பாட்டுதான் வாசிப்பாரு."

"போதும். என் கல்யாணத்துக்கு நீங்க ரெண்டு பேரும் வாசிக்கணும்."

கார்ன்வால்காரர்களுக்குச் சொந்தமாகப் பித்தளை வாத்தியக் குழு ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு எங்களையா? கேட்டேன்.

"அவங்க ஊதினா பட்டாளம் போற மாதிரி இருக்கும். எங்க ஊர்ல கல்யாணம்னா பிடில்தான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு விளக்கினாள். அவர்கள் ஊர் வழக்கப்படி விருந்து முடிந்ததும் மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் முதலில் ஆட வேண்டும். அந்த முதல் ஆட்டம் முடிகிறவரை வேறு யாரும் கூடத்தில் இறங்கக் கூடாது. அதற்கு ஒரு பாட்டு வேண்டும். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். மானேஜர் சம்சாரம் கொடுத்ததாம். லண்டனிலிருந்து வந்த அச்சடித்த பாட்டு. பூவும் கொடியும் போட்ட அட்டை. பியானோக்காரர்களின் சுரக் குறிப்பை எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அங்கேயே பெட்டியைத் திறந்து நாலு வரி வாசித்துப் பார்த்தேன். பாலில் அளவுக்கு மேல் சர்க்கரை போட்டதுபோல் இருந்தது. ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று என்று அசைந்து அசைந்து போகிற மெதுவான பாட்டு.

"இதுவாங்க உங்களுக்குப் பிடிச்சது?"

"ரொம்ப." அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரொம்பப் பிடிச்சது."

நான் பெட்டியின் மூடியை இறக்கினேன். பிறகு அவளே சொன்னாள். "அவன் காலுக்கு இதான் சரி. வேகமா ஆடினா முட்டி தாங்காது. அத்தனை பேர் முன்னால அவன் விழுந்துடக் கூடாது. ஆனா இதுக்காகத்தான் இந்தப் பாட்டுன்னு அவனுக்குத் தெரிஞ்சா செத்துடுவான். உனக்கு இது ஒண்ணுதான் வாசிக்கத் தெரியும்னு சொல்லிடு. சொல்லுவியா?"

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மூலையில் மாட்டியிருந்த பிடிலை இறக்கித் துடைக்க ஆரம்பித்தார். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை அவருக்கு. விரலெல்லாம் காய்ப்புக் காய்த்திருக்கும். அந்த விரல்களோடு பிடிலைத் தொட்டால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். வேலூர் மிஷன் பள்ளியில் ஒரு உபதேசியார் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம், ஷிப்டு மாறுகிற சங்கு ஊதிச் சிறிது நேரத்தில், எங்கள் மூங்கில் தட்டி வீட்டு வாசலில் யாரோ கனைத்தார்கள். எட்டிப் பார்த்தேன். இன்ஜின் துரை! தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தடியை ஊன்றி நிற்கிறார். லைன் முழுக்க அவரவர் வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு, டைனமைட் வந்த மரப்பெட்டி ஒன்றில்தான் உட்கார வைத்தோம். எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது.

அவர் பேசுகிற இங்கிலீஷ் வேறு மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் படித்த இங்கிலீஷுக்கும் அதற்கும் பங்காளிச் சண்டை. பாதி புரிந்தது, மீதியை ஊகித்தேன். என் வீட்டுக்காரருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"அவங்க ஊர்ப் பாட்டு ஒண்ணு இருக்குதாம். மீன் உப்புப் போடற பொம்பளைங்க பாடறதாம். நர்சம்மாவுக்கு அதுன்னா உசிராம். ஆஸ்பத்திரியில கட்டுத்துணி சுருட்டும்போதெல்லாம் அதைத்தான் முணுமுணுப்பாங்களாம். முதல் ஆட்டத்துக்கு அதை வாசிக்கணும்ங்கிறாரு."

"வேகமான பாட்டா மெதுவான பாட்டா, கேளு," என்றார் என் வீட்டுக்காரர்.

கேட்டேன். துரை சிரித்தார். தடியை ஒருபுறம் வைத்துவிட்டு உள்ளங்கையால் தொடையில் தட்டிக் காட்டினார். குதிரை ஓடுகிற வேகம்!

"அப்போ உங்க கால்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதமாக இன்ஜின் கொட்டகையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஆடிப் பழகுகிறாராம். "அந்தப் பெண் பத்து வயசிலிருந்து ஆடுகிறவள். எனக்காகக் காலைக் கட்டிக்கொண்டு கிழவிபோல நகரப் போகிறாள். அது எனக்கு வேண்டாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவள் ஆசை தீர ஆட வேண்டும்," என்றார். அது மட்டும் எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. போகும்போது வாசலில் நின்று, "அவளிடம் சொல்லிவிடாதே," என்றார்.

அவருக்கும் வாக்குக் கொடுத்தேன்.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இன்னாமே, ரெண்டு பேருக்கும் தலையாட்டிட்டியா?"

"நான் இன்னாங்க பண்றது? அவங்க அவருக்காகக் கேக்கறாங்க. இவரு அவங்களுக்காகக் கேக்கறாரு. யாருக்கு இல்லைன்னு சொல்றது?"

"ரெண்டு பாட்டையும் ஒரே நேரத்துல வாசிக்க முடியாதே," என்று சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கத்தின. எனக்கும் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

முதல் காரியம், அந்த மீன்காரிகள் பாட்டு என்ன என்று தெரிய வேண்டும். துரை விசிலடித்துக் காட்டியிருந்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி அடித்தார். இன்ஜின் ஓட்டுகிறவரிடம் சுருதி எதிர்பார்க்க முடியாது. நர்சம்மா வாயால் கேட்பதுதான் வழி. அதனால் புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"இன்னா நோவு?" என்றாள் நர்சம்மா.

"வயித்து வலிங்க."

"எங்கே? இங்கேயா? இங்கேயா?" என்று அமுக்கிப் பார்த்தாள். எல்லா இடத்திலும் வலிக்கிறது என்றேன். பெஞ்சில் உட்காரச் சொன்னாள். மேஜைமேல் வெளுத்து வந்த கட்டுத்துணி குவிந்திருந்தது. அவள் சுருட்ட ஆரம்பித்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்று சுருட்டினாள், இரண்டு சுருட்டினாள். மூன்றாவதில் ஆரம்பித்தது.

வாயைத் திறக்காமல் மூக்கால் பாடினாள். முதல் வரி ஏறி இறங்கியதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் தலைப்பில் ராகத்தின் பெயர் போட்டிருக்கும். மோகனம் என்று போட்ட பாட்டுகளை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அதே ஐந்து சுரம்! கடல் தாண்டி ஏழாயிரம் மைலோ எட்டாயிரம் மைலோ, அங்கே மீனுக்கு உப்புப் போடுகிறவர்கள் அந்த ஐந்து சுரத்தில்தான் பாடுகிறார்கள். எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. வயிற்று வலிக்காரி கத்தினால் தப்பில்லை என்றாலும் பாட்டு நின்றுவிடுமே என்று அடக்கிக்கொண்டேன். விரலால் பெஞ்சில் சுரங்களைத் தொட்டுத் தொட்டு மனப்பாடம் செய்தேன். நாலு வரி. பிறகு அதையே கொஞ்சம் மாற்றி இன்னும் நாலு வரி.

கடைசித் துணியைச் சுருட்டி வைத்துவிட்டு நர்சம்மா அலமாரியைத் திறந்தாள். பெரிய குப்பி, பெரிய கரண்டி. விளக்கெண்ணெய்.

"வேணாங்க, இப்போ தேவலை."

"வாயத் தொற."

திறந்தேன். வேறு வழி? தொண்டையில் அந்த எண்ணெய் இறங்கும்போதுகூடப் பாட்டு மறந்துவிடக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே விழுங்கினேன். வெளியே வந்ததும் ஓடினேன். தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய அரைத்த மணல் மேடுகளுக்கு ஓரமாக, எங்கள் லைன் பக்கம் போகிற பாதையில், வாய்விட்டுப் பாடிக்கொண்டே ஓடினேன். எதிரே வந்த ஷிப்டு ஆட்கள் டீச்சரம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று ஒதுங்கி நின்றார்கள்.

வீட்டில் என் வீட்டுக்காரரோடு அவருடைய சிநேகிதரும் இருந்தார். சுரங்கத்தில் இவரோடு ஒரே லெவலில், ஒரே ஆழத்தில், வேலை செய்கிறவர். மாரியம்மன் திருவிழாவில் பம்பை அடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியால் அடிக்கிற அந்த இரட்டை மேளத்தைக் கோலாருக்கே கூட்டிப்போய் அடிக்க வைத்திருக்கிறார்கள். என்னைத் தங்கச்சி என்பார். அதனால் இவர் அவருக்கு மச்சான்.

நான் சுரத்தைப் பாட, இவர் பிடிலில் பிடித்துக்கொண்டார். இரண்டாம் தடவையிலேயே வேகம் எடுத்தார். வில் பறந்தது. பம்பைக்காரர் மரப்பெட்டியைக் கவிழ்த்து விரலால் தட்டினார். வீட்டுத் தட்டியே அதிர்ந்தது. "யம்மா! இது நம்ம ஆத்தா திருவிழாவுக்கே ஆகும் போலக்குதே," என்றார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இந்த வேகத்துல துரை ஆடினா கால் போயிடும், அண்ணே," என்றேன். நர்சம்மாவுக்குக் கொடுத்த வாக்கையும் சொன்னேன்.

பாட்டு மறந்துவிடுமே என்று நான் ஒரு சிலேட்டில் சுரங்களை எழுத ஆரம்பித்தேன். எழுதுகிறபோது ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி முணுமுணுத்தேன். இவர் சும்மா இருக்காமல் என் கூடவே பிடிலை மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தார். நாலு வரி முடிந்தது. நான் சிலேட்டிலிருந்து தலையைத் தூக்கினேன். இவரும் வில்லை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது அதே பாட்டா?" என்றார்.

அதே பாட்டுதான். ஆனால் குதிரை ஓட்டம் போய், ஒருத்தி கடலைப் பார்த்து நின்றுகொண்டு யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி ஆகியிருந்தது. லண்டன் காகிதத்தில் இருந்த சர்க்கரைப் பாட்டு இதன் கால் தூசிக்கு வராது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். கண் கலங்கியது.

பம்பைக்காரர் தொடையில் அடித்துக்கொண்டார். "இதுக்கா இம்மாம் யோசனை? மொதல் காலம், ரெண்டாம் காலம்! மெதுவா ஆரம்பி. அவரு கால் எப்படிப் போவுதுன்னு பாத்துக்கினே இரு. தாங்குதுன்னா ஏத்து. தாங்கலைன்னா அப்படியே மெதுவாவே முடிச்சுடு. ஒரே பாட்டு. ரெண்டு பேர் கேட்டதும் ஆச்சு."

"யார் பாக்கறது?" என்றார் இவர்.

"தங்கச்சிதான். பிடில் எடுத்தா கண்ணை மூடிக்குவ நீ. நான் அடிக்க ஆரம்பிச்சா எனக்கு எதுவுமே தெரியாது."

அப்படியாக ஏற்றுவதா வேண்டாமா என்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. பத்து நாள் தினமும் ஒத்திகை. வகுப்பில் பிள்ளைகள் கூட்டல் போடும்போது என் கால் தானாகத் தாளம் போட்டது. நர்சம்மா வழியில் பார்த்து, "லண்டன் பாட்டு பழகிட்டியா?" என்று கேட்டபோதெல்லாம், "நல்லா வருதுங்க," என்று பொய் சொன்னேன். வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டுகூட ஒரு தடவை சொன்னேன். கர்த்தர் மன்னிப்பார் என்ற நம்பிக்கைதான்.

கல்யாணம் சனிக்கிழமை மத்தியானம். கோயில் வாசலில் லைன் ஜனமெல்லாம் திரண்டிருந்தது. பங்காருபேட்டையிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். துரை வந்து இறங்கியதும் கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. கட்டம் போட்ட பாவாடை! முழங்காலுக்கு மேலே நிற்கிறது. இடுப்பிலிருந்து முன்னால் ஒரு தோல் பை தொங்குகிறது. அது அவர்கள் ஊர் மாப்பிள்ளை உடுப்பு என்று எனக்குப் படத்தில் பார்த்துத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாதே.

"இன்னா மச்சான் இது, பொண்ணும் பாவாட, மாப்பிள்ளையும் பாவாட?" என்று பம்பைக்காரர் என் வீட்டுக்காரர் காதில் சொன்னது நாலு வரிசைக்குக் கேட்டது. எனக்கு அந்த முழங்கால்தான் கண்ணில் பட்டது. பக்கவாட்டில் நீளமாய், வெளுத்துப்போன தழும்பு. அதை மறைக்காமல் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விருந்து, வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக் கூடத்தில். பெஞ்சுகளை ஓரம் கட்டி மரத்தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தார்கள். எங்கள் மூன்று பேருக்கும் பின் தாழ்வாரத்தில் பாய் விரித்திருந்தது. கதவு வழியாகச் சத்தம் உள்ளே போனால் போதும் என்று விருந்து மேற்பார்வைக்காரர் சொன்னார். தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் கூடத்தில் பாதிதான் தெரியும். கால் தெரியாவிட்டால் நான் எதைப் பார்த்து வேகத்தை ஏற்றுவது?

"இங்கேருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் தெரியலைங்க, ஐயா. தெரியலைன்னா வாசிக்க முடியாதுங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. நெற்றியைச் சுருக்கினார். ஆனால் நர்சம்மாவுக்கும் கேட்டுவிட்டது. வெள்ளை உடுப்பும் தலையில் பூவுமாக அவளே எழுந்து வந்தாள். ஆர்மோனியப் பெட்டியின் ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் தூக்கு," என்றாள் என்னிடம். கல்யாணப் பெண்ணும் நானுமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனோம். பிடிலும் பம்பையும் பின்னாலேயே வந்தன; மேற்பார்வைக்காரர் ஒதுங்கிக்கொண்டார்.

மணி ஐந்து இருக்கும். வெளியே நல்ல வெளிச்சம். எல்லா சன்னலிலும் எங்கள் ஜனங்களின் தலைகள். மேற்பார்வைக்காரர் அந்த லண்டன் பாட்டின் பெயரை உரக்கச் சொல்லி, முதல் ஆட்டம் என்றார். துரை தடியை ஒரு நாற்காலியில் சாய்த்துவிட்டு வெறும் கையோடு கூடத்தின் நடுவுக்கு வந்தார். நர்சம்மா போய் எதிரே நின்றாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கட்டையை அழுத்தினேன்.

முதல் நாலு சுரம் போனதும் நர்சம்மாவின் தலை வெடுக்கென்று என் பக்கம் திரும்பியது. அப்படி ஒரு முறைப்பை நான் அதுவரை வாங்கியதில்லை. பிறகு துரையைப் பார்த்தாள். அவர் காதுவரை சிவந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவள் கையை நீட்டினாள். இருவரும் மெதுவாக நகர ஆரம்பித்தார்கள். மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டே அவளுடைய அம்மா பாடிய பாட்டு கடல் தாண்டி வந்து கோலார் மண்ணில் கேட்கிறது, வாசிக்கிறவரோ சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கிறவர். நர்சம்மாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியதைப் பார்த்தேன். அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் சுற்று முடிகிறபோது துரை என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். ஏற்று என்று அர்த்தம். அவர் தோளுக்கு மேலாக நர்சம்மாவும் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். வேண்டாம் என்று அர்த்தம். நான் என்ன செய்வேன்? இன்னொரு சுற்று மெதுவாகவே வாசித்தேன். அந்த முழங்காலையே பார்த்தேன். நடுங்கவில்லை. மறுபடியும் அவர் தலையை அசைத்தார். இந்தத் தடவை கண்ணால் கெஞ்சினார். நர்சம்மா அதைப் பார்த்துவிட்டாள். ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, பாவாடையை ஒரு கையால் அள்ளிக்கொண்டு, எங்கள் லைன் பாஷையிலேயே கத்தினாள்.

"இன்னா பாத்துக்கினு இருக்க? அடி!"

பம்பை இடித்தது! பிடில் பாய்ந்தது! துருத்தியை அழுத்தி அழுத்தி என் இடது கை கழன்றுவிடும்போல் ஆயிற்று. நர்சம்மா ஆடியதை எப்படிச் சொல்வது? கால் தரையில் பட்டதா என்றே தெரியவில்லை. துரையும் ஆடினார். நன்றாகவே ஆடினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவதில் முழங்கால் மடங்கியது. ஆனால் அவர் விழவில்லை. நர்சம்மாவின் தோள் அங்கே இருந்தது. அவரை நிமிர்த்தி நடுக்கூடத்தில் ஊன்றி நிற்க வைத்தாள். நிறுத்தாதே என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டு, அவரைச் சுற்றி ஆட ஆரம்பித்தாள். அவர் நின்ற இடத்திலேயே கை தட்டினார், ஊ ஊ என்று கூவினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எந்த மாப்பிள்ளை முகத்திலும் பார்க்கவில்லை. கார்ன்வால்காரர்கள் வழக்கத்தை மறந்து உள்ளே இறங்கிவிட்டார்கள். துரையை நடுவில் வைத்து வட்டமாய்ச் சுற்றினார்கள். சன்னலுக்கு வெளியே எங்கள் ஜனங்களும் தாளம் தவறாமல் கைதட்டினார்கள்.

முடிந்ததும் நர்சம்மா மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்றாள். "பொய்க்காரி," என்றாள்.

"நீங்க மட்டும்? அந்தப் பாட்டுதான் ரொம்பப் பிடிக்கும்னு சொன்னீங்களே?"

அவள் குனிந்து என் நெற்றியில் முத்தமிட்டாள். வியர்வையும் பூ வாசனையுமாக இருந்தது. பிறகு கேட்டாள்: "எங்க ஊர்லயும் மெதுவா ஆரம்பிச்சு வேகமா முடிப்பாங்க. ஆனா அது ரெண்டு வேற வேற பாட்டு. ஒரே பாட்டை ரெண்டு மாதிரி வாசிக்க யார் சொன்னது?" நான் பம்பைக்காரரைக் காட்டினேன். அவர் அதற்குள் வாய் நிறையக் கல்யாண கேக்கைப் போட்டுக்கொண்டிருந்ததால் கையை மட்டும் தூக்கினார்.

துரைக்கு அன்றைக்கே முழங்கால் வீங்கிவிட்டது. இரண்டு நாள் தள்ளித்தான் அவர்களால் தேனிலவுக்குப் பெங்களூர் புறப்பட முடிந்தது. வலிக்கிறதா என்று என் வீட்டுக்காரர் போய் நர்சம்மா மூலமாகக் கேட்டதற்கு, வலிக்கத்தான் வலிக்கிறது, ஆனால் இந்த வலிக்குக் காரணம் நல்ல காரணம் என்று சொன்னாராம்.

கல்யாணத்தன்று நாங்கள் கூடத்தை விட்டு வெளியே வந்தபோது ஜனங்கள் போகாமல் நின்றிருந்தார்கள். இன்னொரு தடவை வாசித்தால்தான் விடுவோம் என்றார்கள். மைதானத்திலேயே வாசித்தோம். பெண்கள் வட்டம் கட்டிக் கும்மியடித்தார்கள். வார்த்தை இல்லாத பாட்டுக்கு யாரோ ஒருத்தி அங்கேயே வார்த்தை கட்டிவிட்டாள்:

மொட்ட முட்டி மாப்பிள்ளைக்குக்
கட்டம் போட்ட பாவாட
சுத்திச் சுத்தி ஆடுறாளே
கட்டுப் போடும் நர்சம்மா

நர்சம்மா பெங்களூரிலிருந்து திரும்பி ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் நாள், வார்டில் கால் ஒடிந்து கிடந்த ஒருவர் அதைப் பாடிக்கொண்டிருந்தார். "மொட்ட முட்டி இன்னா? அர்த்தம் சொல்லு," என்று கேட்டு எனக்கு ஆள் அனுப்பினாள். உடுப்பு மறைக்காத முழங்கால் என்பதில் ஆரம்பித்து, நான் போய் வரி வரியாகச் சொன்னேன். அவள் கட்டுத்துணிக் குவியல்மேல் சாய்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். பாட்டை அர்த்தத்தோடு எழுதிக்கொடு, எங்கள் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்றாள்.